எலிவேற்றரில் ஒரு வாய் சோறு

அடுத்தவர் வீட்டுக்குப் போய், "பிள்ளைக்குக் கை கழுவிவிட்டுச் சாப்பாடு குடுங்கோ" என்று சொல்வதைப்போல நன்றி கிடைக்காத தொழில் உலகத்தில் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நிறைந்த டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில், ஒரு சுகாதார நிலையத்துக்காக நான் அதைத்தான் செய்தேன். புத்தி சொல்லப் போய்த் தேத்தண்ணியும் ஏச்சும் வாங்கிக் குடித்தவர்களே, இது உங்களுக்கு.

கொதிக்கும் கேத்தில்

பத்தாம் மாடியில் சுகந்தி அக்கா. அவவின் மகள் துளசிக்கு இரண்டரை வயது. வாரம் தவறாமல் வயிற்றோட்டம். வயிறு சரியாகும்வரை கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் டேகெயாரில் சொல்லிவிட்டார்கள். டேகெயார் இல்லையென்றால் அக்காவுக்குக் கிடைத்த தொழிற்சாலை வேலையும் இல்லை. வேலை தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது.

நான் போனபோது அக்கா அடுப்பில் கேத்திலை ஏற்றி, குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியால் வடித்துக்கொண்டிருந்தா. "இஞ்சை குழாய்த்தண்ணி சுத்தம், அக்கா. பிழை வேறை எங்கையோ" என்று குளோரினில் தொடங்கி அரைமணி நேரம் வாதாடினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னா:

"நீர் யூனிவேசிற்றியிலை படிக்கிறீர், பிள்ளை. நான் அகதி முகாமிலை படிச்சனான். அடுப்பை நிப்பாட்ட மாட்டன்."

மேலும் கீழும்

அடுத்த முறை வீட்டில் ஆளில்லை. திரும்பிவந்தால் எலிவேற்றர் கதவு திறக்கிறது. உள்ளே சோற்றுக் கோப்பையோடு அக்கா, இடுப்பில் துளசி. பிள்ளை வீட்டில் வாய் திறக்காதாம். மேலும் கீழும் கொண்டு திரிந்தால்தான் சாப்பிடுமாம். கட்டடத்தில் எல்லாரும் தொட்ட பொத்தான்களைத் துளசி ஒன்றுவிடாமல் அமத்தினாள். அமத்திய அதே விரலால் பருப்புச்சோற்றைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

"உதுதான் அக்கா! வயித்தோட்டம் உந்த விரலாலைதான் வருகுது!"

"அண்டைக்குத் தண்ணி சுத்தம் எண்டீர். இண்டைக்குப் பிள்ளையின்ரை கை ஊத்தையோ?"

வாதம் மாடி மாடியாகப் போனது. மூலையில் வேலை உடுப்போடு நின்ற அண்ணை ஒருவர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்:

"ஆர் வெண்டாலும் எனக்குச் சந்தோசம், தங்கச்சிமார். என்னைக் கீழை இறக்கிவிடுங்கோ, பஸ் போகப்போகுது."

படத்துப் பிள்ளை

அக்கா அரைமனதோடு சம்மதிக்க, எலிவேற்றர்ச் சவாரியை நிற்பாட்டினோம். துளசி சாப்பாட்டை நிற்பாட்டினாள். "கை சுத்தம், வயிறு காலி" என்று அக்கா தொலைபேசியில் ஏசினா. நிலையத்துச் சுவரொட்டியோடு ஓடினேன். படத்துப் பிள்ளை சிரித்தபடி தானே கை கழுவுகிறது. துளசிக்கோ, நுனிக்காலில் நின்றும் குழாய் எட்டவில்லை, தூக்கினால் உதைக்கிறாள். இந்தப் படத்தை வரைந்தவர் பிள்ளையைப் பார்த்திருக்கிறாரா, ஏறி நிற்க ஒரு ஸ்டூல் வாங்கித் தந்தால் என்ன என்று நிலையத்து மேலாளரிடம் சண்டை பிடித்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்:

"ஸ்டூலுக்கு நிதி இல்லை. வேண்டுமென்றால் இன்னும் பத்துப் படம் கொண்டுபோ."

நீலம்

அக்காவின் கணவருக்கு டோனட் கடையில் வேலை. டோனட்டில் பூசும் ஐசிங் வந்த வெறும் வாளி ஒன்றை அவர் கொண்டுவந்து குளியலறையில் கவிழ்த்தார். துளசி ஏறினாள். குழாய்களில் சிவப்பும் நீலமுமாக இரண்டு வட்டங்கள். கண் விரிந்தது: பொத்தான்! "சிவப்பு மாடி பூட்டு" என்று அக்கா சுடுதண்ணீரை அடைத்துவிட்டு, "நீலத்தாலை போவம். சவர்க்காரம் போட்டால்தான் கதவு திறக்கும்" என்றா. துளசி கை கழுவி, இறங்கி, அதே வாளியில் குந்தி, கோப்பைச் சோறு முழுவதையும் சாப்பிட்டாள்.

கிழமை திரும்பியது, வயிற்றோட்டம் திரும்பவில்லை. டேகெயார் பிள்ளையை எடுத்தது, அக்கா வேலைக்குப் போனா. முதல் சம்பளத்தன்று என்னைக் கூப்பிட்டு வடை சுட்டா. பஸ்ஸால் இறங்கி வந்த கையோடு ஒன்றை எடுத்தேன். குளியலறை வாசலில் இடுப்பில் கைவைத்தபடி துளசி:

"அன்ரி, கை ஊத்தை! நீலம் அமத்துங்கோ!"

பிள்ளையின் வயிறு சரியாகிவிட்டது, அக்காவின் கேத்தில் இன்னும் கொதிக்கிறது, ஆனால் இருபது வயதுக்காரியை 'அன்ரி' என்றதைப் பற்றித் துளசியோடு எனக்கு ஒரு வாதம் பாக்கி.