மணப்பாறையில் நின்ற மாடு

என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் கோயில் இருக்கிறது, காவிரிப் படித்துறை இருக்கிறது, பேப்பர் படித்துவிட்டு நாட்டைத் திருத்த டீக்கடை இருக்கிறது. இவருக்கு இதெல்லாம் போதவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இப்போது சாப்பாட்டுக்குத்தான் இடமில்லை. சாம்பார் கரண்டிக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் கிடக்கும். எது சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மேஜைக்கு ஒருநாள் ஜி.பி.எஸ். வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பலகை, அதன் தலையில் சதுரமாக ஒரு பீங்கான் வில்லை. அவ்வளவுதான். இதற்காகக் கூரியர்காரருக்கு மூன்று தரம் போன் செய்து வழி சொன்னார். உலகத்துக்கே வழி காட்டப் போகிற சாமானுக்கு எங்கள் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

என் மாட்டுக்காகத்தான் வாங்கினாராம். அதைக் கேட்டதும் நானும் கொஞ்சம் உருகித்தான் போனேன். தாய் செத்துப்போன கன்றாக வந்தது அது. புட்டியில் பால் கொடுத்து நான் வளர்த்தேன். இப்போது முதல் சினை, தலையீத்து. வயிறு இறங்கிய நாளாகப் பார்த்து அதற்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிட்டது. காலையில் அவிழ்த்துவிட்டால் உத்தரவீதி, பூக்கடை, கொள்ளிடக் கரை என்று ஒரு சுற்று. மத்தியானம் கழுநீருக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் எந்த வண்டியில் அடிபட்டதோ, எங்கே கன்று போட்டுவிட்டு நிற்கிறதோ என்று தெருத்தெருவாகத் தேடிப் போவேன். கட்டிப் போட்டாலோ கத்தித் தெருவைக் கூட்டும்.

காவிரிக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் என் தம்பிக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். வரும்போதெல்லாம் சொல்வான்: "இந்த வயசுல மாடு எதுக்குக்கா? மணப்பாறை சந்தையில எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு. நல்ல எடமாப் பாத்துக் கொடுத்துடலாம்." நான் காபியை நங்கென்று வைப்பேன். அவன் குடித்துவிட்டு அடுத்த வாரமும் அதையே சொல்வான்.

ஜி.பி.எஸ். பாடம் எனக்குத் தினமும் நடந்தது. அது சாட்டிலைட்டோடு பேசாதாம், காதால் கேட்க மட்டும் செய்யுமாம். நாலு சாட்டிலைட்டாவது காதில் விழுந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடுமாம். முதல் தடவை கொஞ்ச நேரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். எதிராளி பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிற ஒரு ஜீவன் இந்த வீட்டுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

மாடு நனையும், உரசும் என்று அதற்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. என் எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துக்கொண்டார், கல்யாணத்துக்கு வந்தது, மூடியில் பெயர் வெட்டியது. அதற்குள் வைத்து மூடி, மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வடகம் காய்ந்தது. ஜி.பி.எஸ். ஒன்றும் சொல்லவில்லை. உலோகத்துக்குள் சிக்னல் போகாது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டார். காலியான பிளாஸ்டிக் பெருங்காய டப்பாவுக்கு மாற்றினார். சிவப்பு விளக்கு மினுக்கியது. விளக்கு மினுக்கினால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் பேரன் பிறந்தபோதுகூட இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கிடைத்த இடம் எது என்று வரைபடத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். நேரமில்லை. ராகுகாலம் வந்துகொண்டிருந்தது. இவருக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது, வகுப்பில் அதைக் கிண்டல் செய்தே பேர் வாங்கியவர். இருந்தாலும் எதுக்கு வம்பு என்று, டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ராகுகாலம் தொடங்குவதற்குள் மாட்டின் கழுத்தில் அவசர அவசரமாகக் கட்டி முடித்தார். உள்ளே ஒரு சிம் கார்டும் போட்டிருப்பதால், கேட்டால் எஸ்.எம்.எஸ்.ஸில் இடத்தைச் சொல்லும் என்றார். மாடு பெருங்காயம் மணக்கக் கிளம்பிப் போனது.

அன்றைக்குப் பார்த்து மத்தியானம் திரும்பவில்லை.

கழுநீர் அப்படியே இருந்தது. நான் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாட்டுக்கு மெசேஜ் அனுப்பினார். பதில் வந்தது: 1051.75, 07841.40. வரைபடத்தில் போட்டார். அப்படி ஓர் இடமே இல்லை என்றது போன். "புள்ளி தள்ளி விழுந்திருக்கு" என்று சொல்லிப் புள்ளியை இவரே இரண்டு இலக்கம் முன்னால் நகர்த்தினார். இப்போது இடம் கிடைத்தது. மணப்பாறைக்குத் தெற்கே, ஏதோ ஒரு காடு.

மறுநாள் மணப்பாறையில் மாட்டுச் சந்தை.

நிறைமாதச் சினைமாடு திண்டுக்கல் ரோட்டில் அவ்வளவு தூரம் தானாக நடக்காது. யாரோ வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"எங்கடா என் மாடு? சொல்லாம கொள்ளாம ஏத்திட்டியா? அம்மா இருந்திருந்தா அவளையும் ஏத்தியிருப்பே!"

"வாசல்ல நில்லு, கார எடுத்துட்டு வரேன்" என்றான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

வழியெல்லாம் இவர் மட்டும் போனைப் பார்த்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு மண்பாதையில் இறங்கி, புள்ளி இருந்த இடத்தில் மிகத் துல்லியமாகப் போய் நின்றோம். சுற்றிலும் வேலிக்கருவை. ஒரு ஆடு எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

அப்போது எதிர்வீட்டு அம்மாவின் போன் வந்தது. "எங்கே போயிட்டீங்க? உங்க மாடு கேட்ல முட்டிக்கிட்டுக் கத்துது. கழுத்துல பெருங்காய டப்பா வேற."

நான் காரில் சாய்ந்து நின்றுவிட்டேன். என் கணவர் போனைப் பார்த்தார், வேலிக்கருவையைப் பார்த்தார். "ஆனா இங்கேதான் காட்டுது" என்றார்.

திரும்பும்போது பாதி வழியில் அவருக்கு ஞானம் பிறந்தது. 1051.75 என்றால் பத்து டிகிரி, ஐம்பத்தொன்றே முக்கால் நிமிஷமாம். நிமிஷத்தை அறுபதால் வகுக்க வேண்டுமாம். இவர் நூறால் வகுத்து, ஸ்ரீரங்கத்து மாட்டை மணப்பாறைக்கு அனுப்பிவிட்டார். தசமப்புள்ளி பிசகினால் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவர் இவர். "சுவாரசியமான தப்பு" என்றார். அவரை நடுரோட்டில் இறக்கிவிடலாமா என்று கேட்கத் தம்பியின் பக்கம் திரும்பினேன். அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறைத்தது, போனில் பேசியதிலிருந்து அவன் என்னை ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாடு அவன் கையை நக்கியது. அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். காபி சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்ய எடுப்பேன், வைத்துவிடுவேன். இதற்குள் இவர் கணக்கைச் சரிசெய்துவிட்டார். மாடு எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுவரை தெரிந்தது. எனக்கு மாட்டைப் பற்றிய கவலையே அப்போது இல்லை.

மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தேன். சாட்டிலைட்டுக்கு உதவாத அதே சம்புடத்தில் துண்டுபோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "வழி போட்டுத் தரட்டுமா?" என்று போனை நீட்டினார் இவர். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் கே.கே. நகர் வரைக்கும் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான். சம்புடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டுச் சம்புடத்தை நீட்டினேன்.

"வாக்கா" என்றான். "மணப்பாறையிலேருந்தா வர்றே?"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.