‘நரம்பு மாத்திரை’ என்றார்கள்

ஆட்டோவிலிருந்து தூக்கி வந்து செல்வியைக் கட்டிலில் கிடத்தியபோது நாடி நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. "வலிப்பு வந்துட்டோ சார்?" என்று அவளுடைய அப்பா பெருமாள்சாமி பதறினார். அவளுக்கு வலிப்பு நோய் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோவில்பட்டியில் என் கிளினிக்கில் ஆறு மாதமாக அவளுக்கு மருத்துவம் பார்த்தவன் நான்.

ஆறு மாதத்துக்கு முன் நாகலாபுரத்திலிருந்து படபடப்பு என்று அப்பாவுடன் வந்தவள். அட்ரினலின் இதயத்தை விரட்டுவது பீட்டா ரிசெப்டார் என்ற வாசல் வழியாக. அதை அடைத்துவைக்கும் புரோப்ரனலால் மாத்திரை எழுதினேன். எழுதுமுன் அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"வேற மாத்திரை எதுவும் உண்டா அண்ணாச்சி?"

"நரம்பு மாத்திரை ஒண்ணுதான் சார். சின்னதுல இருந்தே திங்கா."

சத்து மாத்திரை என்று எடுத்துக்கொண்டேன். கல்யாண வயதுப் பெண்ணுக்கு வலிப்பு என்று இந்தப் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது தெரிந்தும் பழைய மருந்துச் சீட்டைக் கேட்கவில்லை.

அது வலிப்பைத் தடுக்கும் பீனோபார்பிட்டோன். மற்ற மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலை வேகமாக வேலை செய்யவைக்கும் மருந்து. நான் கொடுத்ததில் பெரும்பகுதி இதயத்துக்குப் போகுமுன்பே அழிந்தது. நாடி குறையாததால் மூன்று முறை டோஸை ஏற்றினேன்.

"பொண்ணு பாக்க வாராவ, டப்பா கண்ணுல படக்கூடாதுன்னு அதை நிறுத்திட்டேன் சார். மூணு வாரமாச்சு" என்றார் பெருமாள்சாமி இப்போது.

அதற்குள் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தது. நான் ஏற்றிவைத்த டோஸ் முழு பலத்துடன் இதயத்தைப் பிடித்தது. இடையில் வலிப்பு வராதது அதிர்ஷ்டம். அட்ரோபின் ஊசி போட்டேன். நாடி ஏறியது. செல்வி கண் திறந்தாள்.

பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "டாக்டர் நானா, நீரா வே? ஒம்ம இஷ்டத்துக்கு நிறுத்துவீரோ?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு எம்மேலதான் சார். மன்னிச்சிருங்க."

"அப்பா நரம்பு மாத்திரைன்னு சொன்னாவல்லா சார்," என்றாள் செல்வி மெதுவாக. "என்ன மாத்திரைன்னு நீங்க கேக்கலியே."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, மாத்திரை அட்டையைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் சீட்டு எழுதியதில்லை. இளம் மருத்துவர்களுக்கும் அதையே உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அன்று நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அந்த மனிதர் என்னிடம் கேட்டார். "சரி, போங்க" என்று சொல்லிவிட்டேன்.