சூடத்தை அணைத்தவள்

எனக்கு வாய் நீளம் என்பது ஒக்கூரில் எல்லாருக்கும் தெரியும். மூக்கும் கூர்மை என்பது அந்தப் பிக்கப் வேன் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி. யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் வண்டி அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. தோட்டத்துக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் காரைக்குடிச் சந்தைக்குப் போவோம். ஓட்டுவது அவர், விற்பது நான். அவருக்குப் பேரம் பேச வராது, பாவம். அவருக்கு அந்த வண்டிதான் உயிர். எனக்கு அவர்தான் உயிர். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, வேறென்ன சொல்ல!

திருக்கோஷ்டியூரைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரை வரும். சாலை அதன் மேல் ஏறிப் போகும். ஏற்றத்தின் பாதியில் வண்டி இருமும், ஒரு குலுக்குக் குலுக்கும், நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். பக்கத்தில் ஒரு பனை. பனைக்கடியில் அரிவாள் நட்ட காவல்சாமி, முனியையா.

நிழலில் காத்துக் கிடந்தால் வெகுநேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். திருப்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து பானட்டைத் திறப்பதற்குள் இன்ஜின் நன்றாக ஆறிவிட்டது. டேங்கைக் கழுவினார், குழாயை ஊதினார். கடைசியில் இன்ஜினின் விலாவில் இருந்த பெட்ரோல் பம்பைக் காட்டினார். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்குக் கொடுப்பது அதுதானாம். கசடு தங்குவதற்கு அதில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் மாட்டியிருந்தது. பம்பின் பிடியைக் கையால் அடித்தார், பெட்ரோல் பீச்சிக்கொண்டு வந்தது.

"பம்பு கல்லு மாதிரி இருக்குண்ணே. ஒரே எடத்துல நிக்குதுன்னா அது என் வேலை இல்ல. முனியையாவக் கவனிங்க."

மெக்கானிக்கே சொன்ன பிறகு கேட்கவா வேண்டும்! அடுத்த சந்தைக்குத் தேங்காயும் சூடமும் குடமும் வண்டியில் ஏறின. வழக்கம்போல் நின்றது. தேங்காய் உடைத்தார். கண்மாய்த் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, பானட்டைத் திறந்து, இன்ஜின் தலையில் அபிஷேகம் செய்தார். தட்டில் சூடத்தை ஏற்றி முனியையாவுக்குக் காட்டிவிட்டு, அதே சூடத்தை இன்ஜினுக்கும் சுற்றினார். சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டு உறுமியது! அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும்தான் போட்டுக்கொண்டேன்.

ஆனால் என் கண் சும்மா இருக்காதே. வண்டி நின்றதும் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தையே பார்ப்பேன். உள்ளே பெட்ரோல் உலை மாதிரி கொதித்துக் குமிழி விடும், பாதிக் கிண்ணம் காலியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் குமிழி அடங்கும். பிறகு சாவியைத் திருப்பினால் கிண்ணம் நிறையும். எனக்குப் புரிந்துபோயிற்று. வெயிலும் ஏற்றமும் சேர்ந்து பம்பைச் சூடாக்கிவிடுகின்றன. சூடான பம்பு பெட்ரோலுக்குப் பதிலாக வெறும் ஆவியை உறிஞ்சுகிறது. ஒக்கூரிலிருந்து அந்தக் கரைக்கு வருகிற நேரத்துக்குச் சரியாக அந்தச் சூடு ஏறுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! வண்டியைக் கிளப்பிவிட்டது தேங்காயும் இல்லை, சூடமும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஒரு நாள் வண்டி நின்றதும் அவர் பனைக்கு அங்குட்டு ஒதுங்கப் போனார். நான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றினேன். வந்தவரிடம், "இப்ப எடுங்க பாப்போம்" என்றேன். எடுத்தார். பிடித்துக்கொண்டது.

"பாத்தீகளா? பம்புதான் கோளாறு. மதுரையில புதுசு வாங்கிப் போடுங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "சூடம் காட்டாமயா எடுத்துட்டேன்?" என்றார்.

அதற்கப்புறம் ஒரு தேங்காய் இரண்டாயிற்று. ஒரு கட்டிச் சூடம் கைப்பிடியாயிற்று. வீட்டில் அயித்தை வேறு மகனிடம், "சாமியவே சோதிச்சுப் பாக்குறாளா ஒம் பொண்டாட்டி?" என்று ஏற்றிவிட்டார்கள். நான் நல்லது சொல்லப் போய் அது வினையாகிவிட்டது.

சூடான லாந்தர் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் என்ன ஆகும் என்று விளக்குத் துடைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கொதிக்கிற அந்தக் கண்ணாடியில் சந்தைக்குச் சந்தை குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர். பங்குனி வெயில் ஏறியபோது வண்டிக்குள் பெட்ரோல் வாசம் வர ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு என் சேலையில், தலைமுடியில். சந்தையில் ஒரு ஆச்சி கத்தரிக்காயை எடுத்து மோந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். குனிந்து பார்த்தேன். கிண்ணத்தில் முடி போல ஒரு விரிசல். அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது, மறுபடி திரண்டது.

"பெட்ரோல் ஒழுகுதுங்க. ஒங்களுக்கு வாசம் வரலியா?"

"எனக்கு ஒண்ணும் வரல. நீ சும்மா இரு புள்ள."

அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சித்திரையில் ஒரு காலைப்பொழுது, வண்டி அதே இடத்தில் நின்றது. தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, முனியையா முன்னால் சூடத்தை ஏற்றினார். தட்டோடு வண்டியைப் பார்த்துத் திரும்பினார். பானட் திறந்து கிடந்தது. வாசம் என் தொண்டையை அறுத்தது. அந்த வெயிலில் சூடத்தின் சுடர் தெரியவே இல்லை, தட்டுக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது.

"வேணாங்க. சாமிக்குக் காட்டுனது போதும்."

"வாய மூடு."

அவர் வந்துகொண்டே இருந்தார். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தத் தட்டின் மேல் கவிழ்த்துவிட்டேன்.

சாமிக்கு ஏற்றிய சூடத்தைத் தாலி கட்டியவள் அணைப்பாளா? அணைத்தேன். அவர் என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலை. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பிள்ளையார்பட்டியைக் கடக்கும்போது ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த சந்தையன்று, "நீ வர வேணாம்" என்றார்.

"காய யாரு விப்பா?"

"வந்த வெலைக்குப் போட்டுட்டு வாரேன்."

"சரி. சூடம் மட்டும் வண்டிகிட்ட கொண்டு போகாதீக. ஒங்க கால்ல விழுறேன்."

நான் யார் காலிலும் விழுகிறவள் இல்லை. அன்றைக்கு விழுந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். சட்டைப்பையில் சூடப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

உலை வைத்தேன், அரிசி போடத் தோன்றவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தேன். உச்சி வெயிலில் திருப்பத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்து ஓடிவந்தார்.

"அக்கா, கண்மாய்க் கரையில ஒங்க வேனு எரிஞ்சு போச்சு. அண்ணன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காக."

உயிர் இருக்கிறதா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

உயிர் இருந்தது. கைகள்தான் போய்விட்டன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் வீட்டுக்கு வந்தார். பார்க்க வந்தவர்கள் அவருக்கு ஆரஞ்சுப் பழமும் எனக்கு ஒரு பேச்சும் கொண்டுவந்தார்கள். "அவ அணைச்சா, சாமி பத்த வச்சுருச்சு." பெட்ரோல் என்றேன், கண்ணாடி என்றேன், விரிசல் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த மெக்கானிக்கும் வந்து, "பம்பு நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என்னை விளக்கைத் தொட விடவில்லை. அயித்தை என் கையால் காப்பி வாங்குவதை நிறுத்தினார்கள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஸ்டவ் பற்றவைத்தார்கள் போல, மண்ணெண்ணெய் வாசம் வந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கும் வாசம் வந்துச்சு."

"ஆமா, பக்கத்து வீட்டுல."

"அது இல்ல. வண்டியில. நீ சொல்றதுக்கு முந்தியே வந்துச்சு."

என் கை அந்தரத்தில் நின்றது. "பெறகு ஏங்க வரலன்னு சொன்னீக?"

"வருதுன்னு சொன்னா சூடத்த நிப்பாட்டணும். நிப்பாட்ட பயமா இருந்துச்சு."

சோற்றைத் தட்டில் உதறிவிட்டு எழுந்தேன். ஆறு மாதம்! ஊரே என்னைக் கரித்துக் கொட்டியபோது இந்த மனுஷன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடுப்படி வரைக்கும் போனேன். திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு யார் ஊட்டுவது? போய் உட்கார்ந்தேன்.