நல்ல பல்லைத் தேய்க்கச் சொன்ன வாய்

இன்று சேலத்தில் பல் டாக்டரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் வெண்ணந்தூரிலிருந்து வந்த ஒரு தறிக்கார வீட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். கூடவே மாமியாரும் கணவனும். முன்பல்லில் ஒட்டியிருந்த பீங்கான் ஓடு கழன்றுவிட்டது. அதைக் குங்குமச் சிமிழில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

கதவு திறந்தே கிடந்ததால் உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"எப்படிம்மா கழண்டுச்சு?"

"நூல் அறுந்துச்சுங்க மேடம். முடிச்சுப் போட்டுட்டு நுனியைப் பல்லுல கடிச்சேனுங்க."

"நீங்களே பசை வச்சு ஒட்டாம கொண்டுவந்தது நல்லது. ஓடு உடையல, திரும்ப ஒட்டிடலாம். இனிமே நூலுக்குக் கத்தரிதான்."

மாமியார் விடவில்லை. "கத்தரிய எடுத்து எடுத்து வச்சா தறி எப்ப ஓடும் சாமி? கடிச்சாலும் உழாத மாதிரி ஒட்டுங்க."

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "இதை எடுத்துட்டு என் பழைய பல்லாவே விட்டுருங்களேன் மேடம்?"

"பல்லைத் தேய்ச்சுத்தான் ஒட்டியிருக்காங்க. தேய்ச்சது வளராதும்மா. காலத்துக்கும் மூடியேதான் வச்சிருக்கணும்."

மாமியார்தான் பேசினார். "பொண்ணு பாக்கப் போனப்ப முன்பல்லுல சந்து இருந்துச்சுங்க. எம்பையன் ஒத்துக்கல. சரிபண்ணுனாத்தான் கல்யாணம்னுட்டோம்."

"ஆமாங்க" என்று மகன் பெருமையாகச் சிரித்தார். புகையிலைக் கறை ஈறுவரை ஏறியிருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல்லைக் காணவே காணோம்.

பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையை "ஆ" காட்டச் சொன்ன வீடு ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நேரில் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்.