தேடும் நேரம்

எங்கள் கம்பெனியில் ஒரு ஸ்பேனர் காணவில்லை என்றால் முன்பெல்லாம் யாரும் தேடமாட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்த அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து போய், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்தோ, லேத்துக்கு அடியிலிருந்தோ, ஜன்னல் விளிம்பிலிருந்தோ அதை எடுத்து வந்து கொடுப்பார். இதுதான் அவருடைய வேலை என்று யாரும் எழுதி வைத்ததில்லை. கடைசியில் எழுதி வைத்தவள் நான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. சிமென்ட் ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டுக்கு அடியில் இரும்பு உருளைகள் சுழலும். அந்த உருளைகளைச் செய்கிறோம். இருபது பேர் வேலை செய்யும் ஷெட். நான் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, முன்கோபம் நிறையவே உண்டு. ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதலில் பிரஸ் மெஷினில்தான் இருந்தார். அந்த மெஷினில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் முதலாளியே பார்த்தார். "இருந்துட்டுப் போவட்டும்" என்று வேலையிலும் வைத்துக்கொண்டார். இன்ன வேலை என்று சொல்லவில்லை. டீ வாங்கி வருவார், கூட்டுவார், ஆபீசுக்குத் தாள் கொண்டு போவார், தொலைந்ததைத் தேடித் தருவார். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஊர். கணவர் இல்லை. மழை பெய்தால் மட்டும் மக்காச்சோளம் விளையும் துண்டு நிலம். மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் சம்பளம் அவருடையது ஒன்றுதான்.

எங்களிடம் உருளை வாங்கும் ஆலையிலிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. சப்ளை செய்கிறவர்கள் எல்லோரும் நிர்வாகத்தையும் உற்பத்தி முறையையும் சீர்செய்ய வேண்டும், ஆள் அனுப்பிப் பார்ப்போம், தேறாவிட்டால் ஆர்டர் கிடையாது. முதலாளி வெலவெலத்துப் போனார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

திருச்சியிலிருந்து ஒரு டிரெய்னர் வந்தார். முதல் நாள் எல்லோர் கையிலும் பத்துப் பத்து சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார். "ஷெட்டுல எது தேவையில்லாம கெடக்குதோ அதுல ஒட்டிடுங்க. ஒட்டுனதெல்லாம் வெளிய போயிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், உடைந்த மோட்டார், துருப்பிடித்த பைப், பழைய கூலர் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. லேத் போடுகிறவர் தன் சாப்பாட்டுப் பையில் ஒட்டியிருந்தார். வெல்டர் தன் செருப்பில். பெயின்ட் அடிக்கும் பெண்கள் தங்கள் தண்ணீர் பாட்டில்களில்.

"என்னங்க இது?" என்றார் டிரெய்னர்.

"அடுத்தவங்க பொருளுல எப்படிங்க சார் ஒட்டுறது? அது ஒனக்கு வேணாம்னு நாம சொன்னா மனசு கஷ்டப்படாதா? அதான் அவங்கவங்களோடதுல ஒட்டிக்கிட்டோம்" என்றார் வெல்டர். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு ஆலைக்காரனிடம் எப்படித் தேறுவது என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அக்கா தன் ஸ்டூலில் ஒட்டியிருந்தார்.

"ஏன்க்கா, ஸ்டூல் போயிட்டா எங்க உக்காருவீங்க?" என்று சத்தம் போட்டு, நானே ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டேன். அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் நேரக் கணக்கு. ஒவ்வொருவரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பைப் அறுத்தல், பேரிங் பொருத்துதல், பெயின்ட். அக்காவுக்கு நேராக என்ன எழுதுவது? நான் பொய் எழுதத் தெரியாதவள் என்று எனக்கு ஒரு பெருமை. 'தேடுதல்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்திலும் 'தேடுதல்'. டீயும் கூட்டுவதும் போக வாரம் முழுக்க அதுதான். சாயந்திரமானால் தாளை அக்காவிடம் கொடுப்பேன், அவர் முதலாளி அறைக்குக் கொண்டு போவார்.

டிரெய்னர் அந்தத் தாளைப் பார்த்துக் கண்ணை விரித்தார். "இதாங்க உங்க நோய். எவ்வளவு நேரம் தேடுறதுலயே போவுது பாருங்க" என்றார். மருந்தும் சொன்னார். சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்ட்டில் வரைந்து ஆணி அடித்து மாட்ட வேண்டும். எடுத்தால் காலி இடம் தெரியும், திரும்ப வைத்தாக வேண்டும்.

எந்தக் கருவி எத்தனை இருக்கிறது, எது எங்கே கிடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். மூன்று நாள் அவரும் நானும் உட்கார்ந்து செய்தோம். அவர் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து பலகையில் வைத்து மீதி விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், நான் அதைச் சுற்றிக் கோடு போடுவேன். "இத லேத்துக்காரரு அடிக்கடி எடுப்பாரு, கைக்கு எட்டுற எடத்துல மாட்டு பாப்பா" என்று யோசனையும் சொன்னார். அப்போதும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆலையிலிருந்து வந்தவர்கள் பார்த்தார்கள், தேறிவிட்டோம். முதலாளி எல்லோருக்கும் அல்வாவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் தாள்கள் இருந்தன.

"ஏம்மா, தேடுற வேலையே இல்லன்னு ஆயிடுச்சு. அந்தம்மா இனிமே என்ன பண்ணும்?"

"பேரிங் செக்ஷன்ல போடலாம் சார்."

"அந்தக் கைய வச்சிக்கிட்டா?"

"பெயின்ட்ல…"

"ஏற்கெனவே அங்க ஓராளு அதிகம்னு நீதானே எழுதியிருக்க."

"கூட்டட்டுமே சார்."

"ஷிஃப்ட் முடிஞ்சு அவங்கவங்க எடத்த அவங்கவங்களே கூட்டணும்னு சட்டம் போட்டியே. அதுவும் நீதானே?"

எல்லாம் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்து. முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் என்னம்மா பண்ணட்டும்? அடுத்த தடவ வர்றப்ப ஆள் கணக்கு கேப்பாங்க. ஆர்டர் போனா இருபது பேரும் தெருவுலதான். மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். நீயே பக்குவமா சொல்லிடு" என்றார்.

சாயந்திரம் அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் பெரம்பலூர் வரை போவோம். அங்கிருந்து அவர் வேப்பந்தட்டை பஸ் மாறுவார். ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மகளுக்குப் பரீட்சை என்பார், மழை இல்லை என்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தினமும் பஸ் ஏறுவேன், கோழை மாதிரி இறங்கிப் போவேன்.

மாதக் கடைசி நாளன்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். அழுகைதான் வந்தது.

"நீ சொல்ல வேணாம் பாப்பா" என்றார். "அந்தத் தாள தெனமும் நான்தான கொண்டுபோயிக் குடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எனக்கு நேரா தேடுதல் தேடுதல்னு எழுதியிருந்த. பொய்யா எழுதுன? இல்லியே. பலகை மாட்டுனா அதுவும் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா" என்றார்.

"தெரிஞ்சுமா எனக்கு ஒத்தாசை பண்ணீங்க?"

"ஆர்டர் வரணும்ல. மத்தவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

வேப்பந்தட்டை பஸ் வந்தது. "போயிட்டு வரேன்" என்று ஏறினார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

அவர் போனபிறகு ஷெட்டில் வேலை தடுமாறியது என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. தடுமாறவில்லை. எல்லாம் அதனதன் ஆணியில் தொங்குகிறது. உற்பத்தி கூடியிருக்கிறது. "அக்கா" என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை, கூப்பிட அவசியமே இல்லை. இப்போதும் வாரத்தில் ஒருநாள் நேரக் கணக்கு எடுக்க வேண்டும். தேடிய நேரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுகிறேன். சாயந்திரம் அந்தத் தாளை நானே ஆபீசுக்குக் கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறேன்.