ஜீப்பை உயர்த்தினேன், ஸ்டியரிங்கை மறந்தேன்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் விஜயநகரில் குடியிருந்தோம். எங்கள் பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டதிலிருந்து, திரும்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசியது. பாடியை மட்டும் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தினால் சரியாகிவிடும் என்று, ஒரு சனிக்கிழமை நானும் மச்சான் முருகேசனும் வீட்டிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினோம். இடையில் கட்டைகள் கொடுத்து, நீளமான போல்ட் போட்டு முறுக்கினோம். ஜீப் கம்பீரமாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை குழந்தையோடு, கொள்ளேகாலைத் தாண்டி ராமாபுரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினோம். புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்த என் மனைவி செல்வி, வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தவள் உடனே நிறுத்திவிட்டாள்.

"ஸ்டியரிங் லூஸா சுத்துதுங்க."

"உயரம் புதுசு, அப்படித்தான் இருக்கும். நகரு, நான் ஓட்டறேன்."

"சொல்ப, ஒரே கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அப்புறம்தான் பாப்பாவை ஏத்துவேன்" என்று சாவியோடு இறங்கிவிட்டாள்.

எரிச்சலோடு அடியில் படுத்துப் பார்த்தேன். பாடியோடு ஸ்டியரிங் தண்டும் மேலேறி, கீழ் இணைப்பிலிருந்து முக்கால்வாசி கழன்று நுனியில் நின்றது. கொள்ளேகால் ரோட்டில் லாரிக்கு எதிரே கழன்றிருந்தால்? வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன்.

அவர் நீளமான தண்டு பொருத்தித் தந்தார். அடுத்த வாரம் நிம்மதியாக ஊர் போய் வந்தோம்.

இப்போதெல்லாம் வண்டியில் கைவைக்கும் முன், மேலிருந்து கீழே போகும் தண்டு, குழாய், ஒயர் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் காலி மைதானத்தில் செல்வி மெதுவாக ஓட்டிப் பார்க்கிறாள். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.