மார்கழியில் தோற்றவர்

மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை வந்தால் போதும், என் வாய் உலர்ந்துவிடுகிறது. தி.நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு பைண்டிங் கடை வந்திருக்கிறது. காலையில் பசை காய்ச்சுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியே வந்துவிடுகிறது: வெந்த மாவு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் செம்பு. கூடத்துக்கும் மாடிக்குமாக நடக்கிறேன். உட்கார முடியவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் காலிகோ துணி போர்த்திய ஒரு தொகுதி இருக்கிறது. நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையின் அரை வருஷத்து இதழ்கள். தூசி தட்டுவேன், திறந்ததில்லை.

முப்பதுகளின் நடுவில் மயிலாப்பூரில் அந்தப் பத்திரிகையில் எனக்குக் கவிதைக்கு இடம் தரவில்லை, குத்துச்சண்டைக்குத் தந்தார்கள். ஊரில் அப்போது இரண்டு பெரிய சண்டைக்காரர்கள். ஒருவர் சாந்தோம் குப்பத்து மீனவர். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டுக் கட்டுமரம் தள்ளுகிறவர். தோள்கள் துடுப்பு போட்டே திரண்டவை. அலை மாதிரி, அடித்துவிட்டுப் பின்வாங்கி மறுபடி அடிப்பார். இன்னொருவர் கச்சேரி சாலையில் புத்தகம் பைண்ட் செய்கிற பாய். ஒல்லி. அவருடைய இடது கை எப்போது புறப்பட்டது என்று பார்த்தவர் இல்லை, போய்ச் சேர்ந்தது மட்டும்தான் தெரியும். எங்கள் பத்திரிகையின் தொகுதிகளையும் அவர்தான் தைத்துக் கட்டுவார்.

இருவரும் ஏழு தடவை மோதினார்கள். மீனவருக்கு நான்கு, பாய்க்கு மூன்று. லஸ் முனையில் காப்பிக்கடைக்குக் கடை இதே வழக்கு. "கடல்காரன் அடிச்சா கல்லு விழுந்தாப்பல" என்பான் ஒருவன். "விழுந்தாத்தானே மச்சி, பாய் அங்க நின்னாத்தானே" என்பான் அடுத்தவன். இதற்கிடையில் அடையாறு பக்கத்துக் கல்லூரி ஒன்று பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தர நிரந்தரமாக ஓர் ஆளை நியமிக்கப் போவதாகச் செய்தி வந்தது. இந்த இருவரில் ஒருவர்தான். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யாருன்னு வரிசை போட்டு எழுது. கல்லூரிக்காரா நம்ம பத்திரிகையைத்தான் படிக்கறா" என்றார்.

எழுதினேன். அந்த வாரம்தான் அவர்களுடைய ஏழாவது சண்டை, சாந்தோம் மைதானத்தில், கிறிஸ்துமஸ் கண்காட்சிக் கூடாரத்தில் நடந்து முடிந்திருந்தது. முதல் வரிசையில் இருந்தேன். நான்கு ரவுண்டு வரை மீனவரால் பாயைத் தொடவே முடியவில்லை. ஐந்தாவதில் பாயின் கால் கனத்தது. மூலைக்கு வந்தவரிடம் உதவியாள் சோடா புட்டியை நீட்டினார். பாய் கிளவுஸாலேயே அதைத் தள்ளிவிட்டார். எட்டாவது ரவுண்டில் விழுந்தார். எழுந்ததும் கை குலுக்கக்கூட நிற்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

மார்கழிக் கண்காட்சியில் அவர் அப்படித் தோற்றது அது மூன்றாவது வருஷம். நான் அதை வைத்தே என் தீர்ப்பைக் கட்டினேன். மூச்சில்லாத கலைஞர் என்று எழுதினேன். 'மூலையில் நீட்டிய நீரைத் தள்ளிவிடும் திமிர், தோற்றபின் கை குலுக்காமல் ஓடும் சிறுமை, இவை இல்லையென்றால் முதலிடம் இவருக்கே' என்று ஒரு வரி. அந்த வரியின் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. நாலு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

அதை எழுதிய நாள் வைகுண்ட ஏகாதசி. பக்கத்து அறையில் என் அம்மா பொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. "ஒரு வாய் தீர்த்தமாவது சாப்பிட்டுட்டு உட்காரேன்" என்றேன். அவள் புறங்கையால் டம்ளரைத் தள்ளினாள். எவ்வளவு பெரிய மனுஷி என்று கண் கலங்கினேன். பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து திமிர் என்று எழுதினேன்.

அவர் பாய் என்று எனக்குத் தெரியும். அது நோன்பு மாதம் என்பதும் தெரியும். சாயங்காலம் கச்சேரி சாலையில் நடந்தால் நோன்புக்கஞ்சி மணக்கும், பசி வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மூன்று வருஷமும் நோன்பு மார்கழியோடு வந்து விழுந்தது என்று எண்ணிப் பார்க்க என்ன பெரிய படிப்பு வேண்டும்.

எனக்கு அதைச் சொன்னவர் ஜெயித்தவர். இதழ் வெளிவந்த நாலாம் நாள், பாராட்டு வாங்கப் போகிறவன் போல அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மீனவர் மணலில் கால் நீட்டி, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் பின்னிக்கொண்டிருந்தார். முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னா சாமி இது, தண்ணிய தள்ளிட்டான்னு எழுதிக்கீற. அவனுக்கு நோன்பு சாமி. எச்சிலக்கூட முழுங்க மாட்டான். நான் ரெண்டு சோடா அடிச்சுட்டு ஏர்றேன், அவன் காய்ஞ்ச வாயோட ஏர்றான்."

"கை குடுக்காம ஓடினாரே."

"பொழுது சாயுது, நோன்பு தொறக்க ஓடறான். கூடாரத்துக்குப் பின்னாடி பேரீச்சம்பழத்த வச்சுக்கினு குந்தியிருந்தான். நான்தான் போய்க் கை குடுத்தேன். மார்கழில ஜெயிச்சத நான் ஜெயிச்சதாவே வச்சுக்கறதில்ல."

"அப்ப நான் இதை எழுதட்டுமா? கல்லூரி வேலை உங்களுக்கு வராமப் போகலாம்."

அவர் ஊசியை மறுபடி எடுத்தார். "வந்தா வேணாங்க மாட்டேன், சாமி. ஆனா எனக்கு வலை கீது, மரம் கீது. அவனுக்குப் பசைச் சட்டிதான் கீது. எழுது."

அடுத்த இதழில் எழுதுவதாகச் சொன்னேன். அடுத்த இதழுக்குக் காகிதத்தை எடுத்து வைத்தேன். 'சென்ற வாரம் நான் எழுதியது' என்று தொடங்கி நிறுத்தினேன். மூன்று வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்தும் இவனுக்கு இது தெரியவில்லையா என்று லஸ் முனை கேட்கும். ஆசிரியர் கேட்பார். பொங்கல் மலர் வேலை என்று தள்ளினேன். பொங்கல் கழிந்ததும் கல்லூரி மீனவரை நியமித்தது. என் கட்டுரையைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருந்தார்களாம். இனி எழுதி என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. வெட்கம் என்றால் எனக்கு அந்த நிம்மதிதான்.

மாசியில் தொகுதியை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். பாய் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். மறுநாள் ரங்கூனுக்குக் கப்பல். அங்கே ஓர் அச்சகத்தில் வேலை. எங்கள் தொகுதிதான் கடைசி வேலையாம். பசை இன்னும் சூடாக இருந்தது. இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துத் தைத்தவர். என் கட்டுரை வந்த பக்கமும் அவர் கை வழியாகத்தான் போயிருக்கும்.

"பாய், நான் எழுதினது தப்பு" என்றேன். "அது நோன்புன்னு எனக்குத் தெரியாது."

"தோத்தது தோத்ததுதான் சார். நோன்பு வச்சவன்னு யாராச்சும் மெதுவா அடிப்பாங்களா? அவன் பெரிய ஆளு. அவன மொதல்ல வச்சது சரி." தொகுதியின் முதுகுப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். "திமிர்னு போட்டீங்க பாருங்க. அத என் மவ படிச்சுக் காட்டிச்சு."

நான் பைண்டிங் கூலியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது சார்?"

"போன வாரம்தான்" என்றேன்.

அவர் தொகுதியைக் காகிதத்தில் சுற்றினார். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து பல்லால் கடித்து அறுத்தார். என் கையில் வைத்தார்; இடது கைதான்.

"மார்கழியிலயே உங்களாண்ட சொல்லிட்டேன்னு அவன் சொன்னான். பரவால்ல. பசை ஈரம் கீது சார், ரெண்டு நாளைக்குத் தொறக்காதீங்க."